பொன்மணிக்கு விட்ட இடம்

“பொன்மணி.”

வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன்.

“பொன்மணி! காதுல என்ன, பஞ்சா அடைச்சிருக்கு?”

சுவரோரப் பலகையில் உட்கார்ந்திருந்த குட்டிப் பெண் தலையைத் தூக்கினாள். தோளிலிருந்து வழுக்கி இறங்கும் சீருடை, வாயில் பாதி தின்ற சிலேட்டுக் குச்சி. பக்கத்து வீட்டுச் சேதியைச் சொல்வது போலச் சொன்னாள்.

“அவ இன்னும் வரல டீச்சர்.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தாண்டி என் பேனா நகரவில்லை. அந்தப் பெயரில் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவள் இவள்தான். அந்தப் பெயருக்கு உரியவளோ இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இது தெரிந்தே பதிவேட்டில் அதை எழுதியவள் நான்.

கடிதம் போட்டவருக்கு

சென்ற வாரம், நான் ராஜபாளையத்தில் கன்னியாஸ்திரிகளின் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். “அந்தப் பழைய குடோனில் பேய் கீய் ஏதாவது உண்டா அம்மா?” என்று கேள்வி. வேடிக்கையாகத்தான் கேட்டிருப்பார். எனக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பேய் இருந்ததா என்று எனக்குத் தெரியாது ஐயா. ஒரு பெயர் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நாங்கள் மூன்று பெண்கள் தவித்தோம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பேண்டேஜ் துணி அடுக்கிவைத்திருந்த குடோன் ஒன்றை ஒரு மில்காரர் சும்மா விட்டுக் கொடுத்திருந்தார். உயரமான ஓட்டுக் கூரை, எட்டாத உயரத்தில் இரண்டு சன்னல், நடுப்பகலிலும் சாயங்கால வெளிச்சம். துணியெல்லாம் போய் வருடங்கள் ஆகியும் பஞ்சு போகவில்லை. உத்தரத்திலிருந்தும் ஓட்டு இடுக்கிலிருந்தும் பொடிப் பொடியாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனி ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம். முதல் வகுப்புப் பிள்ளைகள் மதியத்துக்குள் நரைத்துப்போவார்கள்.

காலையில் ஆயா ஞானம்மா ஈரத் துணியால் பலகைகளைத் துடைத்து வைப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் எழுந்து ஓடியதும் பார்த்தால், பலகை முழுக்க மெல்லிய வெள்ளை படிந்திருக்கும். பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் வட்டம் வட்டமாகச் சுத்தமாகத் தெரியும். யார் வரவில்லை என்பதைப் பதிவேட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இந்த வட்டங்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாத கை

பள்ளியில் சேர அப்போது ஒரு பரீட்சை உண்டு. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் “அடுத்த வருசம் வாம்மா.” எத்தனையோ பெரிய ஆட்கள் அன்று அந்தக் காதைத் தொட்டுத்தான் வாழ்க்கைக்குள் நுழைந்தார்கள்.

ஜூன் மாதம். சேர்க்கையின் கடைசி நாள். சுப்புத்தாய் என்ற பெண் மில் ஷிப்ட் முடித்த கையோடு வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். தலைமுடியில் பஞ்சு. இடுப்பில் ஒரு குழந்தை. இறக்கி நிறுத்தினால் என் மேசை உயரம்கூட இல்லை. பெயர் செண்பகம் என்றாள்.

கையை வளைக்கச் சொன்னேன். விரல் நுனி உச்சந்தலையைத் தாண்டவில்லை. பிள்ளை தலையைச் சாய்த்து, தோளைத் தூக்கி, காதையே கைக்குக் கொண்டுவரப் பார்த்தது. பாவமாக இருந்தது.

“இன்னும் ஒரு வருசம் போகட்டும்மா.”

“ஒரு வருசமா? டீச்சர், வீட்டுல ஆளு கிடையாது. இவ அப்பா கேரளாவுல தோட்ட வேலை. பூட்டிப்போட்டுட்டுத்தான் வேலைக்குப் போறேன். நேத்து எப்படியோ வெளிய வந்து, கிணத்து மேட்டுல தனியா உக்காந்திருந்தாளாம். யாரோ தூக்கிட்டு வந்து குடுத்தாவ. நாளைக்கு யாரு தூக்குவா?”

சொல்லிவிட்டு மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். நகராட்சிப் பிறப்புச் சான்றிதழ். அந்தக் காலத்தில் அதைக் கொண்டுவருகிற பெற்றோர் அபூர்வம். வாங்கிப் பார்த்தேன். ஆறு வயது நிறைகிறது. பெயர் பொன்மணி.

“இது யாரு?”

“மூத்தவ.”

“அவ எங்க?”

சுப்புத்தாய் பையிலிருந்து இன்னும் சில சாமான்களை மேசையில் வைத்தாள். புதுச் சீருடை. புதுச் சிலேட்டு. ‘பொன்மணி’ என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிய எவர்சில்வர் டிபன் டப்பா. போன வருடம் பள்ளியில் சேர்ப்பதற்காக எல்லாம் வாங்கிவைத்து, சேர்க்க வேண்டிய வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. மூன்றே நாள்.

நான் புத்திசாலி என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு உண்டு. இருபத்து மூன்று வயசில் யாருக்குத்தான் இல்லை! கிணற்று மேட்டில் ஒரு குழந்தை, கையில் வயது சரியாக இருக்கும் ஒரு சான்றிதழ். பள்ளிக்கு அங்கீகாரம் வாங்க ஒவ்வொரு தலையும் தேவையாக இருந்த நேரம் வேறு. பேனாவைத் திறந்தேன்.

“இந்தப் பேர்லயே எழுதிக்கிடுவோம். பொறவு மாத்திக்கிடலாம்.”

சுப்புத்தாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“எழுதுவியளா டீச்சர்? பொன்மணினே எழுதுவியளா?” என்று கேட்டாள். பேனா ஓடுவதையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டத் தெரியாதவள். ஆனால் நான் ‘ணி’ போட்டு முடித்ததும் சரியாக மூச்சை விட்டாள்.

பூக்கட்டும் வீட்டுப் பெண்

இங்கே என்னை நானே கொஞ்சம் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. ஆண்டாள் கோயிலுக்குப் பூக்கட்டும் குடும்பம். என் பெயரே கோதை. தினமும் காலையில் பஸ் ஏறி ராஜபாளையம் போய், சிலுவைக்குக் கீழே நின்று பிள்ளைகளோடு செபம் சொல்லிவிட்டு, சாயங்காலம் வந்து துளசி தொடுப்பேன். “கோதை டீச்சருக்கு ரெண்டு பக்கமும் சிபாரிசு இருக்கு” என்று எங்கள் தலைமையாசிரியை கேலி செய்வார்.

எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும் சங்கதி ஒன்று உண்டு. ஒருவருக்கென்று கட்டியதை இன்னொருவருக்குப் போடக் கூடாது. முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. ஆசைப்பட்டு ஒரு சரத்தை என் கழுத்தில் போட்டுப் பார்த்ததற்காக அப்பாவிடம் நான் வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது. அந்த விதியை மீற எங்கள் ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் அனுமதி. அவளும் கோயிலுக்குள் போய்விட்டாள்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள், செத்துப்போன பிள்ளைக்கு வைத்த பெயரை உயிரோடிருக்கும் பிள்ளைக்குச் சாத்திவிட்டேன். கை கூசவில்லை. இரக்கப்பட்டுச் செய்ததாகத்தான் நினைத்தேன்.

இரண்டு வட்டம்

முதல் இரண்டு வாரம் தினமும் அதே பதில்தான். “அவ இன்னும் வரல டீச்சர்.” மூன்றாவது வாரம் ஒரு நாள் பதில் மாறியது.

“வந்துட்டா டீச்சர்.”

சொன்னவள் தன்னைக் காட்டவில்லை. தன் வலப்பக்கத்தைக் காட்டினாள். அங்கே பலகையில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.

சின்னப் பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டேன். ஆனால் விளையாட்டு பரவியது. செபத்துக்கு வரிசையில் நிற்கும்போது அவளுக்குப் பின்னால் நிற்கும் பையன் ஓர் அடி தள்ளி நின்றான். ஏன் என்று கேட்டால், “முட்டிரும் டீச்சர்” என்றான். யார்மேல் முட்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவின் மூடியைக் கவிழ்த்து அதில் பாதிச் சோற்றை எடுத்து வைப்பாள். மற்ற பிள்ளைகள் சாதாரணமாக அந்த மூடியைச் சுற்றி நடந்தார்கள்.

ஒரு மதியம் ஞானம்மா வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். “செத்த இங்க வாங்க டீச்சர்.”

பிள்ளைகள் எல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரோரப் பலகையை ஞானம்மா காட்டினார். வெள்ளை படிந்த பலகையில் வரிசையாக வட்டங்கள். செண்பகம் உட்கார்ந்த இடத்தில் ஒரு சுத்தமான வட்டம். அதன் வலப்பக்கத்தில், யாரும் உட்காராத இடத்தில், இன்னொன்று. முதல் வட்டத்தைவிட ஒரு பிடி பெரியது.

“பை வச்சிருப்பா” என்றேன்.

ஞானம்மா சுவரைக் காட்டினார். எல்லாப் பைகளும் ஆணியில் தொங்கின.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் என்ன போட்டுக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். ஈரத் துணியை வாங்கி அந்தப் பலகையை நானே துடைத்தேன். மறுநாளும் இரண்டு வட்டம். அதற்கு மறுநாளும். இதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் கிடையாது. விளக்கம் சொல்ல வருகிறவர்கள் அந்தக் குடோனில் ஒரு மதியம் தனியாக நின்றுவிட்டுப் பிறகு சொல்லலாம்.

சாயங்காலம் இன்னொன்று. பள்ளிக்கு ஒரு தகரக் கேட் உண்டு. தாய்மார்கள் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் இடம். சுப்புத்தாய் கேட்டைத் திறப்பாள், பிள்ளை வெளியே வரும். உடனே மூடமாட்டாள். இன்னொரு பிள்ளை வெளியே வரும் அளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகுதான் விடுவாள்.

காலாண்டு விடுமுறை முடிந்து

பிள்ளைக்கு இடது கைப் பழக்கம். அப்போதெல்லாம் அது ஒரு குற்றம். நான் தினமும் அந்தக் கையைத் தட்டி, குச்சியை வலது கைக்கு மாற்றுவேன். அவள் அழுவாள். நான் திரும்பியதும் இடது கைக்கு மாற்றிவிடுவாள். அந்தப் பிடிவாதம் எனக்கு உள்ளுக்குள் பிடிக்கும்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். பெயர் வாசித்தேன்.

“பொன்மணி.”

“உள்ளேன் டீச்சர்.”

தெளிவான குரல். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். தலையை இறுக்கி இரட்டைச் சடை போட்டிருந்தது. சீருடை தோளில் நின்றது. பலகையில் இடம் விடவில்லை. உட்கார்ந்ததும் வலது கையால் குச்சியை எடுத்து, ‘அ’ என்று அழகாக எழுதினாள்.

நான் அவள் பக்கத்தில் போய் மண்டி போட்டு உட்கார்ந்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாலு மாதமாக நான் கேட்டதெல்லாம் இதுதானே!

“அப்போ செண்பகம் எங்க கண்ணு?” என்று காதோடு கேட்டேன்.

எழுதுவதை நிறுத்தாமல் சொன்னாள்.

“அவ காய்ச்சல்ல செத்துப்போயிட்டா டீச்சர்.”

வெளியே காற்று அடித்தது. கூரையிலிருந்து பஞ்சு இறங்கியது. அவள் முடியில், என் கையில், சிலேட்டில் எழுதிய ‘அ’வில் எல்லாம் படிந்தது. என் இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டேன். சூடாக, உயிரோடு இருந்தது. ஆனால் அந்தக் கண்ணில் என்னைப் பார்த்தவள் யார் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

பெரிய சிஸ்டர்

தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்போம். ஆள் என் தோள் உயரம்தான். கடற்கரைப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் குரல் இறங்கும், அதுதான் பயம்.

ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சான்றிதழ், பெயர், வட்டங்கள், இன்று காலை கேட்டது. அடுத்த மாதம் அங்கீகாரத்துக்காக ஆய்வாளர் வருகிறார். பதிவேட்டில் பொய் இருப்பது தெரிந்தால் பள்ளிக்கு என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். சிஸ்டர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“இறந்தவங்களுக்காக நாம செபிக்கலாம் டீச்சர். வகுப்புல உக்கார வைக்கக் கூடாது” என்றார். குரல் இறங்கியிருந்தது. “அவங்க அம்மாவைக் கூப்பிடுங்க.”

சுப்புத்தாய் வந்தாள். பெயரை மாற்றப்போகிறோம் என்றதும் சிஸ்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

“நீங்கதான டீச்சர் எழுதுனிய? எம் மக செத்தப்போ எந்தச் சாமியும் திருப்பித் தரல. நீங்க தந்திய. இப்ப நீங்களே பிடுங்குதியளே, நல்லாருக்கா?”

“செண்பகம் செத்துட்டான்னு பிள்ளை சொல்லுதும்மா” என்றேன்.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. உட்கார்ந்துவிட்டாள்.

“லீவுல விளையாட்டாத்தான் சொன்னேன். நீ பொன்மணி, செத்தது செண்பகம்னு. அவ மொதல்ல சிரிச்சா. பொறவு நம்பிட்டா.” தலைமுடியிலிருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்தாள். “பொறவு நானும் நம்பிட்டேன் சிஸ்டர். ஒம்போது நாளு. வயிறாரச் சோறு தின்னேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. யார்மேல் கோபப்படுவது? அவளுக்கு ஒரு பிள்ளைதான் செத்தது. அவளும் நானும் சேர்ந்து அதை இரண்டாக்கப் பார்த்தோம்.

சிஸ்டர் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். “இந்தப் பிள்ளை கிணத்து மேட்டுல உக்காந்தப்போ பயந்துபோய் இங்க கொண்டாந்த இல்லம்மா? இப்பவும் அங்கதான் உக்காந்திருக்கு. நாமதான் தூக்கணும்.”

சுப்புத்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

கடைசியாக வாசித்த பெயர்

சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறிவிட்டால் அடிக்கவோ அழிக்கவோ கூடாது. வெளியே அனுப்ப ஒரே வழி டி.சி. ஆகவே ஒருநாள்கூட வகுப்பில் இருந்திராத பிள்ளைக்கு சிஸ்டர் ஒரு மாற்றுச் சான்றிதழ் எழுதினார். எல்லாக் கட்டமும் நிரப்பிவிட்டு, ‘பள்ளியை விட்டு நீங்கும் காரணம்’ என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

“இதை அவங்க அம்மா சொல்லட்டும்” என்று கட்டத்தைக் காலியாக விட்டுக் கோப்பில் வைத்தார்.

பிறகு செண்பகத்தைப் புதிதாகச் சேர்த்தோம். கோயில் பூக்குழித் திருவிழா முடிந்த மூன்றாம் நாள் பிறந்தவள் என்று சுப்புத்தாய் முணுமுணுத்ததை வைத்துப் பிறந்த தேதி போட்டோம். கையை வளைக்கச் சொன்னார் சிஸ்டர். ஜூனில் எட்டாத கை இப்போது காதைத் தொட்டது. பிள்ளைகள் வளரும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, பள்ளி விடுகிற நேரம். சிஸ்டர் என் வகுப்புக்கு வந்து, பழைய பதிவேட்டைத் தானே வாங்கிக்கொண்டார். சுப்புத்தாய் வாசலில் நின்றாள். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

“பொன்மணி.”

செண்பகம் வாயைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

“பொன்மணி” என்று சிஸ்டர் இரண்டாம் முறை கூப்பிட்டார். குடோனில் ஒரு சத்தம் இல்லை. கூரைப் புறாக்கள்கூட அடங்கியிருந்தன.

“நீ வந்ததுல எங்களுக்கு ரொம்ப சந்தோசம்மா. பள்ளிக்கூடம் முடிஞ்சது. வீட்டுக்குப் போகலாம்.”

‘வீட்டுக்குப் போகலாம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் பிள்ளைகளுக்குப் பழக்கம் வந்துவிட்டது. இழுத்து ராகம் போட்டு ஒரே குரலில் கத்தினார்கள். “நன்றி சிஸ்டர், போய் வருகிறோம்!”

சுப்புத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் நானும் ஞானம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையைப் போய்ப் பார்த்தோம். ஒரு வட்டம்தான். பக்கத்தில் முழுக்கப் பஞ்சு. குச்சி மறுபடி இடது கைக்கு வந்திருந்தது. நான் தட்டவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் இடது கையையும் நான் தட்டியதில்லை.

ஆய்வாளரிடம் சிஸ்டர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அங்கீகாரம் ஒரு வருடம் தள்ளிப்போனது, என் நிரந்தர நியமனமும்தான். சிஸ்டர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் பலகையில் ஒரே வட்டம் பார்த்த அன்று சாயங்காலமும் சுப்புத்தாய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு பிள்ளை வெளியே வரும் அளவு நேரம். அடுத்த ஐந்து வருடமும் நின்றாள்.

மாடிக் கட்டடம்

அங்கீகாரம் வந்தபின் பள்ளி வளர்ந்தது. குடோனுக்குப் பக்கத்தில் முதலில் ஓலைக் கொட்டகை, பிறகு ஓட்டுக் கட்டடம், பிறகு மாடி. வன்னியம்பட்டி, சுந்தரபாண்டியம் பக்கத்திலிருந்தெல்லாம் வேனில் பிள்ளைகள் வந்தார்கள். தகரக் கேட் போய் இரும்புக் கேட் வந்தது. குடோனை இடித்த அன்று எழுந்த பஞ்சு தெருவெல்லாம் பறந்ததாம். நான் லீவு போட்டுவிட்டேன். பெரிய சிஸ்டர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். பழைய கோப்புகள் என் பொறுப்புக்கு வந்தன.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மத்தியானம், நெடுநெடுவென்று ஒரு பெண் அலுவலக வாசலில் வந்து நின்றாள்.

“கோதை டீச்சர், நான் செண்பகம்.”

நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். பிறந்த தேதிக்குச் சான்று வேண்டுமாம். நகராட்சியில் அவள் பிறந்ததற்குப் பதிவே இல்லை. எங்கள் பதிவேட்டில் இருக்கும் அந்த ஒரு வரிதான், செண்பகம் என்று ஒருத்தி பிறந்தாள் என்பதற்குச் சாட்சி. அன்று மட்டும் அந்தப் பெயரை மாற்றாமல் விட்டிருந்தால்?

“அம்மா வரலையா?”

“கேட்டுகிட்ட நிக்கா. உள்ள வரமாட்டா.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். “ஏட்டிம்பா, பாப்பாம்பா. இத்தனை வருசத்துல எம் பேரச் சொல்லி அவ கூப்பிட்டதே இல்ல டீச்சர். அந்தப் பேரும் சொல்லமாட்டா, இதும் சொல்லமாட்டா.”

பழைய கோப்பை இறக்கினேன். செண்பகத்தின் தாளைத் தேடும்போது அதற்கு முன்னால் இன்னொன்று வந்தது. பெரிய சிஸ்டரின் கையெழுத்து. பொன்மணி. காலிக் கட்டம். பதிமூன்று வருடமாக யாரும் வாங்கிக்கொள்ளாத டி.சி.

அதை எடுத்துக்கொண்டு நானே கேட்டுக்குப் போனேன். சுப்புத்தாய்க்கு முன்முடி நரைத்திருந்தது. பஞ்சா நரையா என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. காகிதத்தைக் காட்டி, இன்ன கட்டம் காலியாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் உள்ளே வந்தாள். முதல் வகுப்பு வராந்தாவில் உட்கார்ந்து, அந்தக் காலிக் கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இவளுக்குப் பதினேழு முடியப்போவுது டீச்சர். அவ இன்னும் அஞ்சு வயசுலயே நிக்கா. தினமும் இவ வெளிய வந்ததும், பின்னால அவ வருவான்னு பாத்துக்கிட்டே நின்னேன். இவள ஒருநாளும் நல்லாப் பாக்கல.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“காய்ச்சல்னு எழுதுங்க” என்றாள். “காய்ச்சல்ல செத்துப்போனான்னே எழுதுங்க.”

எழுதினேன். பெயரை எழுதிய அதே கை. இந்த முறை எழுத்து கோணிக்கொண்டு போனது. பெற்றுக்கொண்டதற்கு அவள் கைரேகை வைத்தாள். காகிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் கேட்டை நோக்கி நடந்தாள்.

செண்பகம் அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நான் திரும்பி வந்து எழுதிக் கொடுத்த சான்றிதழில் மை காய ஊதிக்கொண்டிருந்தாள். கேட்டிலிருந்து குரல் வந்தது.

“செண்பகம்!”

அவள் நிமிரவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள் போலும். நான்தான் அவள் கையைத் தொட்டேன்.

“ஏட்டி செண்பகம்! வா, போவோம். பஸ்ஸு வந்துரும்.”

அந்தப் பெண் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. “இந்தா வாரேம்மா” என்று கத்திக்கொண்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து ஓடினாள்.

நான் சன்னலுக்கு வந்து பார்த்தேன். சுப்புத்தாய் கேட்டைத் திறந்து பிடித்திருந்தாள். மகள் வெளியே போனாள். சுப்புத்தாய் கேட்டை இழுத்து மூடி, கொண்டியை மாட்டினாள்.